கேஸ் வண்டியின் சிலிண்டரைப் பார்ப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு சி.என்.ஜி. (அழுத்திய இயற்கை எரிவாயு) பங்கில் ஷிப்ட் பொறுப்பாளராக வேலை பார்க்கும் பெண். பெட்ரோல் வண்டியை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றுவது பற்றிப் பத்திரிகைகளில் நான் படித்ததெல்லாம் மாதம் எவ்வளவு மிச்சமாகும், கிலோவுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதோடு முடிந்துவிடுகிறது. மாற்றிய பிறகு வண்டிக்குள் இருக்கும் அந்தச் சிலிண்டரை யார் பார்க்க வேண்டும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், பார்க்காமல் விட்டால் கேட்பது யார் என்ற பேச்சே எழுவதில்லை. தினமும் அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கிறவள் என்பதால் நானே எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பங்குக்குள் கார் வந்து நின்றதும் என்ஜினை அணைக்கச் சொல்வோம். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் இறங்கி, தள்ளிப் போய் நிற்க வேண்டும். பானட்டையும் டிக்கியையும் திறக்கச் சொல்வோம். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கும் தாய்மார்கள் முகம் சுளிப்பார்கள். "பெட்ரோல் போடும்போது உள்ளேதானே உட்கார்ந்திருக்கோம், இங்க மட்டும் ஏன்க்கா?" என்று யாராவது கேட்காத நாள் இல்லை.

நியாயமான கேள்விதான். பெட்ரோல் டேங்கில் அழுத்தம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் 2 பாருக்குச் சற்று மேலே ('பார்' என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). வீட்டுச் சமையல் கேஸ் சிலிண்டருக்குள் நம் ஊர் வெயிலில் 5 முதல் 8 பார் வரை இருக்கும். சி.என்.ஜி. சிலிண்டரை நாங்கள் 200 பார் வரை நிரப்புகிறோம். காரில் வழக்கமாக வைக்கும் 60 லிட்டர் இரும்புச் சிலிண்டர் காலியாக இருக்கும்போதே ஐம்பது அறுபது கிலோ எடை இருக்கும். சுவர் அவ்வளவு கனமாக இருந்தால்தான் அந்த அழுத்தத்தைத் தாங்கும். பின்சீட்டில் சாய்ந்து உட்காருகிறவரின் முதுகுக்கும் அந்தச் சிலிண்டருக்கும் நடுவே இருப்பது சீட்டின் பஞ்சும் ஒரு தகரமும் மட்டுமே.

கேஸைக் கண்டு பயப்படச் சொல்லவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எரிவாயு என்றாலே குண்டு என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். சி.என்.ஜி. பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடும். சமையல் கேஸான எல்.பி.ஜி. அப்படியில்லை, தரையோடு தங்கி, பள்ளத்தில் தேங்கும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பற்றும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் பற்றாது. தானாகத் தீப்பிடிக்க அதற்குப் பெட்ரோலைவிட மிக அதிகமான வெப்பம் வேண்டும். எரிபொருள் என்ற வகையில் அது சாது. பயப்பட வேண்டியது அதை அடைத்து வைத்திருக்கும் இரும்புக்குத்தான். அந்த இரும்பு துருப்பிடிக்கலாம். பாரம் ஏற்றும்போது எதிலாவது இடித்து நசுங்கலாம். யாராவது அதன்மேல் வெல்டிங் வைத்திருக்கலாம். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்த சிலிண்டரின் உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரியாது.

அதனால்தான் அரசாங்கம் ஹைட்ரோ டெஸ்ட் என்று ஒன்றை வைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி, வண்டியில் இருக்கும் சி.என்.ஜி. சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி, அங்கீகாரம் பெற்ற மையத்தில் சோதிக்க வேண்டும். கேஸை வெளியேற்றிவிட்டு, வால்வைக் கழற்றி, உள்ளே விளக்கு விட்டுப் பார்ப்பார்கள். பிறகு தண்ணீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட மிக அதிகமாக ஏற்றுவார்கள். அப்போது சிலிண்டர் எவ்வளவு விரிகிறது, அழுத்தத்தை இறக்கியதும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று அளப்பார்கள். திரும்பாத சிலிண்டர் கழிவுதான். தண்ணீரை ஏன் பயன்படுத்துகிறார்கள் என்றால், தண்ணீர் அழுத்தத்தில் அநேகமாகச் சுருங்காது. சோதனையின்போது சிலிண்டர் பிளந்தாலும் வெடித்துச் சிதறாது. எளிமையான, அருமையான சோதனை. கம்பெனியிலேயே கேஸ் பொருத்தி வரும் புதுக் கார்களுக்கும் இதே கணக்குதான். நிறையப் பேருக்கு இது தெரியவே தெரியாது. "ஷோரூம்ல வாங்கின வண்டிம்மா, அதுக்கு எதுக்கு டெஸ்ட்?" என்பார்கள்.

இந்த விதிகள் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. நாக்பூரில் தலைமையகம் உள்ள மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புதான் இதற்குப் பொறுப்பு. சிவகாசிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பட்டாசு ஆலை உரிமத்தால் இந்த அமைப்பு நன்றாகவே தெரியும். நம் கார் டிக்கியில் இருப்பதும் அதே அமைப்பின் பொறுப்பில் வரும் பொருள்தான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

வண்டியை மாற்றும் விஷயம் வேறு அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆவது பிரிவு. வண்டியைத் தயாரித்தவர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்பது பொது விதி. எரிபொருளை மாற்றும் கிட் பொருத்துவதற்கு மட்டும் நிபந்தனையோடு வழி விட்டிருக்கிறது. கிட்டுக்குப் புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை அமைப்பு ஒன்றின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல் 3 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பட்டறையில்தான் பொருத்த வேண்டும். அப்புறம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் 'பெட்ரோல்/சி.என்.ஜி.' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். கிட் மதிப்பில் 4 சதவீதமும், மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 60 ரூபாயும் கூடுதலாகக் கட்டினால் போதும். அந்த 60 ரூபாயைக் கட்டாமல் ஓட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. விபத்து நடந்தால் கம்பெனிக்காரர் முதலில் புரட்டுவது ஆர்.சி.யைத்தான்.

ஆக, விதி இருக்கிறது. நல்ல விதிகள்தான். நான் கேட்பது, முதல் நாளுக்குப் பிறகு சிலிண்டரைப் பார்ப்பது யார் என்று.

ஒரு சொந்தக் காரை எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளை போர்டு. அதற்குப் பதிவு 15 ஆண்டுக்கு. நடுவில் எப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) கிடையாது. கிட் பொருத்திய நாளில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒருமுறை காட்டியதோடு சரி. அதன்பின் அந்தச் சிலிண்டருக்கு மூன்று, நான்கு சோதனைகள் வர வேண்டும். எந்த அதிகாரியும் அதை எடுத்துக் கேட்கும் கட்டம் அந்த 15 ஆண்டில் வருவதே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை புகைச் சான்றிதழ் எடுக்கிறார்கள். அங்கே பார்ப்பது சைலன்ஸரின் வாயை. ஆண்டுக்கு ஒருமுறை இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறார்கள். இப்போது அதுவும் போனில் நாலு தட்டு தட்டினால் முடிந்துவிடுகிறது, வண்டியை யாரும் நேரில் பார்ப்பதில்லை. ரோட்டில் நிறுத்தும் போலீஸ்காரர் ஹெல்மெட், சீட் பெல்ட், லைசென்ஸ் கேட்பார்; டிக்கியைத் திறந்து சிலிண்டர் தேதி பார்க்கச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். மஞ்சள் போர்டு வண்டிக்காவது முதல் 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பின் ஆண்டுதோறும் எப்.சி. உண்டு. அங்கே ஆய்வாளர் கேட்டால் உண்டு.

மிச்சம் இருப்பது நாங்கள். கேஸ் பிடிக்கும் நாசிலைக் கையில் வைத்திருக்கும் பையனும், அவனுக்குப் பின்னால் நிற்கும் நானும். சிலிண்டரின் சோதனைத் தேதி, சிலிண்டர் எண், வண்டி எண் எல்லாம் அடித்த சின்ன உலோகத் தகடு ஒன்று வண்டியில் இருக்க வேண்டும். காம்ப்ளையன்ஸ் பிளேட் என்போம். அதைப் பார்த்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும், தேதி முடிந்திருந்தால் நிரப்பக் கூடாது என்பது எங்களுக்கு இட்டிருக்கும் கட்டளை. மத்திய அரசின் இரண்டு சட்டங்கள், இரண்டு அமைச்சகத்தின் விதிகள், மாநிலத்தின் போக்குவரத்துத் துறை எல்லாம் சேர்ந்து கடைசியில் வந்து நிற்பது மாதச் சம்பளத்துக்கு ஷிப்ட் பார்க்கும் ஒரு பையனின் தோளில். அவனுக்கு வயது இருபத்தொன்றோ இரண்டோ. எதிரே நிற்பவர் வெள்ளைச் சட்டை போட்ட பெரிய மனிதராக இருப்பார். பின்னால் வரிசையில் இருக்கும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். "என் வண்டி, என் சிலிண்டர், நீ யார்டா கேக்க?" என்பதற்கு அந்தப் பையன் என்ன பதில் சொல்வான்?

நான் மறுத்திருக்கிறேன். பல தடவை. ஒருமுறை ஒரு வேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேன், அப்போது பிள்ளைகள் இல்லை. தகடு இருந்தது. அதில் இருந்த தேதிக்கும் சிலிண்டரின் கழுத்தில் அடித்திருந்த தேதிக்கும் சம்பந்தமே இல்லை. உற்றுப் பார்த்தால் கழுத்தில் இருந்த எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டு மேலே வேறு எண் அடித்திருந்தார்கள். ஓட்டுநரைக் கேட்டேன். அவர் பாவம், வேலைக்கு இருப்பவர். "ஓனர் ஒரு பட்டறையில போட்டாரு அக்கா, எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்றார். நிரப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஓனருக்குப் போன் போனது, ஓனர் எங்கள் மேனேஜருக்குப் போன் போட்டார், கொஞ்ச நேரம் சத்தமாக இருந்தது. வேன் பெட்ரோலில் திரும்பிப் போய்விட்டது. எங்கே போயிருக்கும்? அடுத்த பங்குக்கு. அங்கே கூட்ட நேரத்தில் யாரும் குனிந்து கழுத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் பார்த்ததை யாரிடம் சொல்வது என்பதற்கு எனக்கு ஒரு வழி இல்லை. ஒரு நம்பர் இல்லை, ஒரு படிவம் இல்லை. வண்டி எண்ணை ஒரு பேப்பரில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன்.

இன்னொரு நாள் ஒரு கார். நாசிலை மாட்டி வால்வைத் திறந்த கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் 'ஸ்ஸ்' என்று சத்தம். எரிவாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்றுதான் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அது குப்பென்று வந்தது. உடனே அடைத்துவிட்டு, அவசர சுவிட்சைத் தட்டி, வரிசையில் நின்றவர்களை ரோட்டுப் பக்கம் அனுப்பிவிட்டு, ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லி, நாலு பேர் சேர்ந்து காரைத் தள்ளி வெட்டவெளியில் விட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தால், சிலிண்டரிலிருந்து முன்பக்கம் போகும் இரும்புக் குழாயின் இணைப்பில் நுரை பொங்கியது. வால்வைச் சுற்றி ஒரு உறை இருக்க வேண்டும். கசிந்தால் கேஸ் காருக்குள் வராமல் கீழ்வழியாக வெளியே போக ஒரு குழாயோடு. அந்த உறையே பொருத்தவில்லை. அந்தக் குடும்பம் நீண்ட தூரம் அந்தக் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு வந்திருந்தது. ஆர்.சி.யில் பெட்ரோல் என்றுதான் இருந்தது.

இப்படி ஆர்.சி.யில் பெட்ரோலாகவே ஓடும் கேஸ் வண்டிகள் எப்படி வந்தன என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. 2020 ஏப்ரல் முதல் புது வண்டிகள் எல்லாம் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்துக்கு மாறின. ஆனால் பி.எஸ்.6 வண்டிக்குக் கிட் பொருத்த விதியே இல்லை; பி.எஸ்.4 வரைதான் அனுமதி. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜனவரியில் வரைவு வெளியிட்டு, ஆகஸ்ட்டில் இறுதி அறிவிக்கை கொடுத்த பிறகுதான், பி.எஸ்.6 பெட்ரோல் வண்டிகளுக்கும், 3.5 டன்னுக்குக் குறைந்த டீசல் வண்டிகளில் என்ஜினையே மாற்றிக்கொள்வதற்கும் வழி பிறந்தது. நடுவில் இரண்டு ஆண்டுக்கு மேல் கதவு மூடியிருந்தது. பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியதும் அந்தக் காலத்தில்தான். வாடகைக் கார் ஓட்டுகிறவர் அரசாங்க அறிவிக்கைக்காகக் காத்திருப்பாரா? கிடைத்த பட்டறையில் போட்டுக்கொண்டார். விதி வந்த பிறகாவது போய்ப் பதிவு செய்யலாமே என்றால், 2019 திருத்தத்தில் சேர்த்த 182ஏ பிரிவு மிரட்டுகிறது: அனுமதி இல்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே பொருத்திவிட்டவர் உள்ளே வர ஒரு வாசல் கூட வைக்காமல் தண்டனையை மட்டும் வைத்தால், அவர் ஒளிந்துகொண்டுதான் ஓட்டுவார். ஒளிந்து ஓடும் வண்டியின் சிலிண்டர் சோதனைக்கு வராது.

சோதனைக்கு வராததற்குப் பணம் காரணமில்லை. வண்டிக்காரர்களிடம் பேசிப் பேசி எனக்குப் புரிந்தது இது. சோதனைக்கு ஆகும் செலவை அவர்கள் சில நாள் ஓட்டத்தில் எடுத்துவிடுவார்கள். நாள்தான் சிக்கல். மையம் பக்கத்தில் இல்லை. சிலிண்டரைக் கழற்றிக் கொடுத்து, வரிசையில் காத்திருந்து, திரும்பப் பொருத்தி முடிக்கும்வரை வண்டி பெட்ரோலில் ஓட வேண்டும், அல்லது நிற்க வேண்டும். தவணை கட்டும் டிரைவருக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் கடன். சிலிண்டரின் எண் வண்டியின் பத்திரங்களோடு சேர்ந்திருப்பதால் வேறு சிலிண்டரைத் தற்காலிகமாக மாட்டிக்கொள்ளவும் முடியாது. அதனால் புரோக்கரிடம் போகிறார். புரோக்கர் சிலிண்டரையே பார்க்காமல் தகட்டை மட்டும் அடித்துக் கொடுத்துவிடுகிறார். தகடு புதுசு, சிலிண்டர் பழசு. நான் தகட்டைப் பார்த்துவிட்டு நாசிலை மாட்டுகிறேன்.

தில்லி இதையெல்லாம் நமக்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985-இல் தொடுத்த வழக்கில், 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் தில்லிப் பேருந்துகள் எல்லாம் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2001 மார்ச் 31 கெடு. கெடு தள்ளிப் போனது, கேஸுக்கு ராத்திரி முழுக்க ஆட்டோக்கள் வரிசையில் நின்றன, அவசரத்தில் மாற்றிய சில பேருந்துகள் தீப்பிடித்தன. அதற்குப் பிறகுதான் பொருத்தும் முறையையும் பரிசோதனையையும் இறுக்கினார்கள். தமிழ்நாட்டுக்கு இது இருபது ஆண்டு கழித்து வந்திருக்கிறது. எண்ணூரில் எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) முனையம் திறந்தது 2019-இல். அங்கிருந்து தூத்துக்குடி வரை போகும் குழாயில் ராமநாதபுரம்–தூத்துக்குடிப் பகுதியை 2021 பிப்ரவரியில் தொடங்கி வைத்தார்கள். 2024-இல் சென்னை மாநகரப் பேருந்துகளிலும் டீசல் வண்டியை சி.என்.ஜி.க்கு மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். பேருந்துக்குப் பணிமனை இருக்கிறது, பொறியாளர் இருக்கிறார், பதிவேடு இருக்கிறது. தனியார் வண்டிக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? நம் ஊரில் பொருத்திய முதல் சிலிண்டர்களுக்கு மூன்றாண்டுச் சோதனை ஒருமுறை வந்து போயிருக்கும், இப்போது இரண்டாவது சுற்று. இனிமேல்தான் அவை வயதாகப் போகின்றன. சரிசெய்ய இதுதான் நேரம்.

சுற்றுச்சூழலுக்காகவே கேஸுக்கு மாறினோம் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சரியாகப் பொருத்திய கிட்டில் புகையும் கரித்தூளும் குறையும், உண்மைதான். ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு அதிகமாக பூமியைச் சூடாக்கக்கூடியது. டியூனிங் தெரியாத கையால் பொருத்திய கிட்டில் எரியாத மீத்தேன் சைலன்ஸர் வழியாகவே வெளியே போகும். புகையைச் சுத்தம் செய்ய வண்டியில் வைத்திருக்கும், பெட்ரோலுக்காகச் செய்த வினையூக்கி மீத்தேனை லேசில் எரிக்காது. இதற்காகத்தான் ஒவ்வொரு என்ஜின் வகைக்கும் கிட்டைத் தனித்தனியாகச் சோதித்து ஒப்புதல் வாங்கச் சொல்கிறார்கள். அந்த விதியை வெறும் தொல்லை என்று பட்டறைக்காரர்கள் பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒப்புதல் வாங்குவது பெரிய கம்பெனிகளால்தான் முடியும். சின்னப் பட்டறைக்காரர் அவர்களிடம் கிட் வாங்கிப் பொருத்துகிறார். கிட்டுக்கு இருக்கும் சோதனை, பொருத்தும் கைக்கு இல்லை. கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசரை எங்கே வைப்பது, குழாயைச் சூடான சைலன்ஸரிலிருந்து எவ்வளவு தள்ளிக் கொண்டுபோவது, சிலிண்டரைக் கட்டும் பட்டையை எவ்வளவு இறுக்குவது, இதையெல்லாம் ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார். நம் ஐ.டி.ஐ.களில் இதற்கென்று ஒரு குறுகிய காலப் பயிற்சி வைத்து, தேர்வு வைத்து, தேறியவரின் பெயர் இருந்தால்தான் அந்தப் பட்டறைக்கு அங்கீகாரம் என்று சொன்னால், நல்ல மெக்கானிக்குகள் சந்தோஷமாக வருவார்கள். நான் பார்த்த நல்ல மெக்கானிக்குகள் தங்கள் வேலையில் கௌரவம் உள்ளவர்கள்.

அரசாங்கத்திடம் நான் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. வண்டியை மாற்றும் நாளில் பட்டறை கொடுக்கும் விவரங்களிலேயே சிலிண்டர் எண்ணும் சோதனைத் தேதியும் இருக்கின்றன. அந்தத் தேதியை வண்டிப் பதிவுக்கான அரசின் 'வாஹன்' இணையதளத்தில் உயிரோடு வைத்திருங்கள். சோதனை மையம் தண்ணீர்ச் சோதனை முடித்ததும் அங்கேயே ஏற்றட்டும். தகட்டை யார் அடித்தார்கள் என்ற கேள்விக்கே இடமிருக்காது. பங்கில் வண்டி எண்ணைத் தட்டினால் பச்சையோ சிவப்போ தெரியட்டும். அப்போது அந்தப் பையன் பெரிய மனிதரிடம் வாதாட வேண்டியதில்லை, திரையைத் திருப்பிக் காட்டினால் போதும். தேதி முடிந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கக் கூடாது. புகைச் சான்றிதழ் மையத்திலும் அதையே பார்க்கட்டும். எப்படியும் அங்கே ஆண்டுக்கு ஒருமுறை வண்டி வந்துதான் ஆக வேண்டும்.

மாவட்டத்துக்கு ஒரு சோதனை மையமாவது வேண்டும். அதுவரை, பங்குகளிலேயே குறிப்பிட்ட நாளில் சிலிண்டர்களை வாங்கி அனுப்பி, திரும்பப் பொருத்திக் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். அந்த நாட்களுக்குச் சோதித்த மாற்றுச் சிலிண்டரை வாடகைக்குக் கொடுக்க விதியில் இடம் வையுங்கள். மஞ்சள் போர்டு வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு மாற்றத்துக்காகவே வருவார்கள்.

ஏற்கெனவே பதிவில்லாமல் ஓடும் வண்டிகளுக்கு ஒரே ஒரு முறை, 6 மாதம் அவகாசம் கொடுங்கள். அபராதம் இல்லாமல் வந்து, சிலிண்டரைச் சோதித்து, கிட்டைப் பார்த்து, சரியாக இருந்தால் ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம், சரியில்லாத சிலிண்டரை அங்கேயே அறுத்துப் போட்டுவிட வேண்டும். அவகாசம் முடிந்த பிறகு 182ஏ பிரிவை எவ்வளவு வேண்டுமானாலும் கடுமையாகப் பயன்படுத்துங்கள், நானே ஆதரிக்கிறேன். அப்புறம், எண் தேய்த்த சிலிண்டரை எங்களைப் போன்றவர்கள் கண்டால் புகைப்படத்தோடு சொல்ல ஒரு நம்பர். சொன்னவர் பெயர் வெளியே வராத நம்பர். நிரப்ப மறுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று தமிழில், பெரிய எழுத்தில், அரசு முத்திரையோடு பங்கின் வாசலில் ஒரு பலகையும் வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் கேஸ் வண்டிக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கே பானட்டைத் திறந்து, கேஸ் நிரப்பும் வால்வுக்குப் பக்கத்தில் தகடு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டிக்கியில் சிலிண்டர்மேல் இருக்கும். சோதனைத் தேதியிலிருந்து 3 ஆண்டு ஆகிவிட்டதா என்று பாருங்கள். சிலிண்டர் கழுத்தில் இருக்கும் எண்ணும் தகட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், டயரையும் என்ஜினையும் பார்ப்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். சோதனைச் சான்றிதழைக் காட்டாதவரிடம் கேஸ் வண்டி வாங்காதீர்கள். எண் பொருந்தாவிட்டால் பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால், சிலிண்டரின் கேஸ் வால்வை அடைத்துவிட்டு, பெட்ரோலில் ஓட்டிக்கொண்டு அங்கீகாரம் பெற்ற மையத்துக்குப் போங்கள்.

இப்படிக்கு,
சி.என்.ஜி. பங்கு ஊழியர் ஒருவர்
(வேலையில் இருப்பதால் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)